செடியும் அதன் சீட்டும்

புதுச்சேரிக் காட்சிச்சாலைகளும் வைத்திக்குப்பம் கடற்கரையும் நமது கிராமங்களுக்குக் கற்பிப்பவை

விவசாயப் பொருட்காட்சி என்றவுடன் நமது குடியானவர்களின் நினைவுக்கு வருவது, பருத்த பூசணியும் நீண்ட புடலையும் கனத்த வாழைத்தாரும் பரிசுச் சீட்டுடன் வரிசையாக வைக்கப்பட்டுள்ள பந்தலேயாம். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் விவசாய இலாகாவினர் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் நடத்திவரும் மலர், காய், கனிக் காட்சியும் அவ்வகையைச் சேர்ந்தது. ஊக்கமுள்ள விவசாயிக்குப் பரிசு அளிப்பதும், அவனது சாகுபடி முறையைப் பிறர் அறியச் செய்வதும் நல்ல காரியங்களே. ஆயினும், செடிகளைக் காட்டுவதில் வேறொரு முறையும் உண்டு. அம்முறையில், ஒரு காய் எவ்வளவு நிறையுள்ளது என்று யாரும் கேட்பதில்லை. இச்செடி எந்தத் தேசத்தது, யார் கொண்டுவந்தனர், எந்தத் தொழிலார் எதற்காகப் பயன்படுத்தினர், என்ன பெயரிட்டழைத்தனர் என்பனவே அங்குக் கேட்கப்படும் கேள்விகளாம்.

இத்தகைய காட்சிச்சாலைகள் உலகிற்குப் புதியவையல்ல. லண்டன் மாநகரை அடுத்த கியூ தோட்டத்தில், மனிதருக்குப் பயன்படும் தாவரப் பொருள்களுக்கென்றே 1847-ம் வருஷத்தில் தனிக் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. நமது சென்னை அரசினர் காட்சிச்சாலை 1851-ல் தோன்றியது. அதிலும் தாவரங்களுக்கென ஒரு பகுதி உண்டு. புதுச்சேரியில் இத்தகைய காட்சி ஒரே கட்டடத்திற்குள் அமையவில்லை. தாவரவியல் பூங்கா, அரசு அருங்காட்சியகம், பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தின் உலர்செடித் தொகுப்பு, நகரின் வடபுறத்திலுள்ள வைத்திக்குப்பம் கடற்கரை ஆகிய நான்கும் வெவ்வேறிடங்களில் உள்ளன. இந்நான்கையும் ஒரே பொருட்காட்சியின் நான்கு கூடங்களாகக் கருதிப் பார்ப்பவர்க்கு விளங்கும் உண்மை ஒன்றுண்டு. செடி மட்டும் இருந்து, அதைப் பற்றிய சீட்டு இல்லாவிடில், பாதிப் பொருள் நம்மை விட்டுப் போயிற்று என்பதே அது. இவ்வுண்மையால் நிலமுடையோருக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஏற்படும் நன்மையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிர் பழக்கும் தோட்டம்

புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826-ம் வருஷத்தில் ஏற்படுத்தப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் நிழலுக்காகவும், குழந்தைகளுக்கான சிறிய ரயிலுக்காகவும் செல்கின்றனர். ஆனால் அதனைத் தோற்றுவித்தோரின் கருத்து வேறு. வெளித்தேசத்துப் பயிர்களை நமது மண்ணுக்கும் வெயிலுக்கும் பழக்கி, பயனுள்ளவற்றைக் குடிகளுக்குக் கொடுக்கும் சோதனைப் பண்ணையாகவே அது கருதப்பட்டது. சுவிட்சர்லாந்து தேசத்தில் பிறந்து, பிரெஞ்சு சர்க்காரின் ஊழியத்தில் இருந்த பெரோத்தே என்னும் தாவர நிபுணர் இத்தோட்டத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர். அவர் புதுச்சேரிக்கு வருமுன் ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள செனகால் நாட்டில் விவசாய வேலை பார்த்தவர். அவுரிச் செடியைப் பயிரிட்டு நீலம் எடுக்கும் முறை பற்றி 1842-ல் ஒரு நூல் வெளியிட்டார். இத்தோட்டத்திலுள்ள செடிகளுக்கு 1867-ல் ஓர் அட்டவணையும் அச்சிட்டார். 1870-ல் புதுச்சேரியிலேயே காலமானார்.

அவ்வட்டவணையின் அருமையை நாம் சற்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி வீசிய தானே புயலில் புதுச்சேரியிலும் கடலூரிலும் எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. பூங்காவின் பழைய மரங்களும் தப்பவில்லை. வீழ்ந்த மரத்தைப் பற்றி எழுத்தில் ஏதேனும் இருந்தால், அதே இனத்தை வேறிடத்திலிருந்து தேடி மறுபடியும் நடலாம். எழுத்து இல்லாவிடில், வீழ்ந்தது இன்னதென்று சொல்வாரும் இல்லாமற் போகும். அப்புயலில் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் இழந்த குடியானவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். நல்ல காய்ப்புள்ள தாய்மரம் எது, அதன் கன்றுகள் யார் கொல்லையில் உள்ளன என்று குறித்து வைத்தவர் மறுபடி ஒட்டுக் கட்டிக்கொள்ள முடியும். குறித்து வையாதவர் முதலிலிருந்து தொடங்கவேண்டியதே.

நீலத் துணியும் கருவேலம் பிசினும்

செனகாலுக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரங்களிலும் பருத்தி நூலால் நெய்து அவுரி நீலத்தில் தோய்த்த கருநீலத் துணிக்குக் கினித் துணி என்று பெயர். அத்துணி கப்பலேறிச் செனகால் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்குள்ள வியாபாரிகள் அதனைப் பெற்றுக்கொண்டு, நமது கருவேலத்திற்கு இனமான ஒரு மரத்தின் பிசினைப் பதிலாகக் கொடுத்தனர். அப்பிசின் ஐரோப்பாவிலுள்ள துணி அச்சடிக்கும் தொழிற்சாலைகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் போயிற்று. நமது பருத்தியும் அவுரியும் ஒரு பக்கம், பாலைவன ஓரத்து மரத்தின் பிசின் மறுபக்கம் என, செடிக்குச் செடி மாற்றாக நடந்த இவ்வியாபாரத்தில் நமது குடியானவனும், சாயக்காரனும், நெசவாளியும் பிழைத்தனர்.

1897-ல் ஜெர்மனி தேசத்தார் இரசாயன முறையில் செய்த நீலத்தைக் கடைக்குக் கொண்டுவந்தனர். அதன் பிறகு அவுரிச் சாகுபடி வெகு விரைவில் குன்றிற்று. திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் அவுரி இன்றும் ஓரளவு பயிராகிறது. செடிச் சாயத்தை விரும்பிக் கேட்போர் வெளிநாடுகளில் மறுபடியும் தோன்றியுள்ளமையே இதற்குக் காரணம். எந்த நிலத்தில் எப்பொழுது விதைத்து, எந்தப் பக்குவத்தில் அறுத்து, தொட்டியில் எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்ற விவரங்களை மறவாமல் காத்த குடும்பங்களே அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. தொழில் ஓய்ந்த காலத்திலும் அதன் அறிவைக் காப்பது வீண்வேலையன்று என்பதற்கு இது சான்றாகும்.

ஒரு கொட்டைக்குள் எத்தனை தேசங்கள்

நிலக்கடலையை நமது தென்னார்க்காட்டுப் பகுதியில் மணிலாக்கொட்டை என்றும், பேச்சு வழக்கில் மல்லாட்டை என்றும் சொல்கிறோம். மணிலா என்பது பிலிப்பைன் தீவுகளின் தலைநகரம். ஆனால் செடியின் தாய்நாடோ தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுக் கடலை, புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பிரான்சு தேசத்து மார்செய் நகருக்கு ஏராளமாக ஏற்றுமதியாயிற்று. அங்கு அதனை ஆட்டி எண்ணெய் எடுத்தனர். அந்நூற்றாண்டின் கடைசியில் பழைய விதை நலிந்து, நோயும் மிகுந்து, மகசூல் குறைந்துபோயிற்று. அத்தருணத்தில் மோரீஸ் தீவிலிருந்து தருவிக்கப்பட்ட புதிய விதையே சாகுபடியை மீட்டது.

பிற்காலத்தில் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார், 1940-ம் வருஷத்தையொட்டி, டி.எம்.வி. 1 என்னும் கொடிக்கடலை ரகத்தை வெளியிட்டனர். அது சாலும் என்னும் மேற்கு ஆப்பிரிக்க விதையிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டதாகும். சாலும் என்பது செனகால் நாட்டிலுள்ள ஒரு பிரதேசம். நமது நீலத் துணி சென்ற அந்நாட்டிலிருந்தே பின்னாளில் நமது புன்செய்க்கு விதை வந்தது. அதே காலத்தில் வெளியான டி.எம்.வி. 2 என்னும் கொத்துக்கடலையோ நமது குடியாத்தம் பக்கத்து நாட்டு விதையிலிருந்து பொறுக்கப்பட்டது. ஆகவே மணிலா, மோரீஸ், செனகால், குடியாத்தம் ஆகிய நான்கு பெயர்களும் ஒரே கொட்டையின் சீட்டில் எழுதப்பட வேண்டியவை.

மிளகாய், கொய்யா, பப்பாளி, மரவள்ளி, மக்காச்சோளம் முதலியனவும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. முந்திரியைப் பறங்கிமா என்றும், ஒரு காயைப் பறங்கிக்காய் என்றும் நமது முன்னோர் பெயரிட்டதால், வந்த வழி பெயரிலேயே பதிந்து கிடக்கிறது. ஆனால் வந்தவை எல்லாம் நன்மை செய்தன என்று சொல்வதற்கில்லை. சீமைக் கருவேல், விறகுக்கும் வேலிக்கும் உதவுமென்று பரப்பப்பட்டது. இன்று அது ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் கைப்பற்றிக்கொண்டது. அழகுக்காகத் தொட்டியில் வைக்கப்பட்ட ஆகாயத்தாமரை குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்துவிட்டது. ஒரு செடி தனது தாய்நாட்டில் எப்படிப் பரவுகிறது, எதனால் கட்டுப்படுகிறது என்ற விவரம் செடியுடன் வந்து சேராவிடில் என்ன நேரும் என்பதற்கு இவ்விரண்டும் போதிய உதாரணங்களாம்.

சொல்லும் செடியும் சேர்ந்தே பயணம் செய்யும்

அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அவ்விடத்தில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்பவர் அகழாராய்ச்சி நடத்தினார். ஏறக்குறைய 2000 வருஷங்களுக்கு முன் ரோமாபுரி வியாபாரத்தில் வந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் அங்குக் கிடைத்தன. அவற்றுள் சில திராட்சைரசம் கொண்டுவந்தவை. சில ஒலிவ எண்ணெய் கொண்டுவந்தவை. ஓட்டின் மண்ணையும் வடிவத்தையும் கொண்டு, எந்த நாட்டுத் திராட்சைரசம் என்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். ஆக, உடைந்த சாடியே திராட்சைக்கும் ஒலிவத்திற்கும் சீட்டாக நின்றது.

நமது செடிகளும் கடல் கடந்து சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரெயூனியோன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நமது மக்கள் அனுப்பப்பட்டனர். அவர்களது சந்ததியாரில் பெரும்பாலோர் இன்று தமிழ் பேசுவதில்லை. எனினும் அத்தீவின் சமையலறைகளில் கறிவேப்பிலைக்குக் காலுப்பிலே என்றும், முருங்கைக்கு முரும் என்றும் பெயர் வழங்குகிறது. பேசும் மொழி மறைந்த இடத்திலும் செடியின் பெயர் மறையவில்லை. வெட்டிவேரின் கதையும் இத்தகையதே. பிரெஞ்சு பாஷையிலும் அதன் வழியாகப் பிற பாஷைகளிலும் அதற்கு வழங்கும் பெயர் நமது தமிழ்ச் சொல்லேயாகும். ரெயூனியோன் தீவின் வெட்டிவேர்த் தைலம் வாசனைத் திரவிய வியாபாரத்தில் பெயர் பெற்றது. கடலூர்க் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் நமது விவசாயிகள் இன்றும் அதனைப் பயிரிடுகின்றனர்.

வைத்திக்குப்பத்தின் செடிகள்

கடற்கரைக் குப்பத்திற்கும் விவசாயத்திற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணுவது தவறு. வைத்திக்குப்பம் மீனவர் ஊர். கடல்தொழிலின் பழைய சாமான்கள் அனைத்தும் செடிகொடிகளிலிருந்தே கிடைத்தன. எடை குறைந்த மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்ததே கட்டுமரம். அச்சொல் இன்று உலகப் பாஷைகளில் ஏறிவிட்டது. கயிறு தென்னை நாரால் ஆனது. வலைகளைப் பருத்தி நூலாலும் சணப்பை நாராலும் முடைந்தனர். உப்புநீரில் அவை மக்கிப் போகாமலிருக்க, துவர்ப்புள்ள பட்டைகளின் சாயத்திலும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் தோய்த்து உலர்த்துவது நமது கரைகளில் இருந்த வழக்கம். கரை மணலை அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாழையும் பிடித்து நிறுத்தின.

நைலான் வலையும் கண்ணாடி நாரிழைப் படகும் வந்த பின் இவ்வறிவுக்கு வேலையில்லாமற் போயிற்று. 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் கட்டப்பட்ட பின், அதற்கு வடக்கிலுள்ள கரை அரிக்கப்பட்டு, மணல் இருந்த பல இடங்களில் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. மணல் இல்லாத இடத்தில் அடம்புக்கும் இடமில்லை. வலைக்குத் துவரேற்றத் தெரிந்தவர்கள் முதியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள நமக்குள்ள காலம் மிகக் குறுகியது.

சணப்பையை எடுத்துக்கொள்வோம். குடியானவனுக்கு அது பசுந்தாள் உரம். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுகிறான். மீனவனுக்கோ அது வலைநூல். முற்றிய தண்டை ஊறவைத்து நார் உரிப்பவன் அவன். ஒரே செடியில் இருவர் இருவகைப் பயன் கண்டனர். குடியானவன் சொன்னதை மட்டும் எழுதினால் செடியின் ஒரு பக்கமே பதிவாகும். ஆகவே ஒரு செடியைப் பற்றி எழுதும்போது, ஊரிலுள்ள எல்லாத் தெருவாரையும், எல்லாத் தொழிலாரையும் கேட்டு எழுதுதல் அவசியம். கால்நடை மேய்ப்பவர், குயவர், நெசவாளர், பிள்ளைப்பேறு பார்க்கும் மூதாட்டியர், சைகோன் நகரில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய குடும்பத்தார் ஆகிய ஒவ்வொருவரும் நாம் அறியாத ஒன்றை அறிந்திருப்பர்.

எழுத்தே சாட்சி

இவ்வாறு எழுதி வைப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்போருக்கு இரண்டு வழக்குகளை நினைவூட்டுவது தகும். மஞ்சள்தூள் புண்ணை ஆற்றும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த செய்தி. 1995-ல் அமெரிக்க நாட்டில் இதனையே புதிய கண்டுபிடிப்பாகக் கொண்டு ஒரு சர்வகலாசாலைக்குப் பேடண்டு உரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தார் எதிர்த்து வாதாடினர். பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் அச்சான கட்டுரையையும் சாட்சியாகக் காட்டினர். 1997-ல் உரிமை ரத்தாயிற்று. வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சக்காளானை அடக்கும் முறைக்கு ஐரோப்பியப் பேடண்டு அலுவலகம் 1994-ல் அளித்த உரிமையும், 2000-ல் ரத்து செய்யப்பட்டு, அப்பீலிலும் 2005-ல் அவ்வாறே உறுதியாயிற்று. வழக்கில் நின்றது எது? நாம் அறிவோம் என்ற வாய்ச்சொல் மட்டும் அங்கே போதவில்லை. தேதியிட்டுப் பதிவான சாட்சியமே கேட்கப்பட்டது.

நமது பக்கத்திலேயே நன்மை தரும் உதாரணமும் உண்டு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 என்னும் முந்திரி ரகம், தென்னார்க்காட்டைச் சேர்ந்த இடையன்சாவடி என்ற கிராமத்தில் கண்ட காய்ப்பு மிகுந்த ஒரு மரத்தின் வழிவந்தது. பாலூர் நிலையத்தாரின் பி.எல்.ஆர். 1 என்னும் பலா, பண்ணுருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அம்மரங்கள் எங்கிருந்தவை என்ற குறிப்பு இருந்ததனாலேயே அவ்வூர்களின் பெயர் நிலைத்தது. குறிப்பின்றி அழிந்துபோன நல்ல மரங்கள் எத்தனையோ!

நமது நாட்டுச் சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001-ல் இயற்றப்பட்டது. விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருடன் மாற்றிக்கொள்ளவும், வியாபாரப் பெயரின்றி விற்கவும் அச்சட்டம் உரிமை அளிக்கிறது. தான் காத்துவந்த ரகத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளவும் வழி செய்கிறது. 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும் என்கிறது. அவ்வூர்ச் செடிகொடிகளையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அக்குழுவின் பொறுப்பிலுள்ளது. இப்பதிவேட்டை மேலதிகாரிகளின் கேள்விக்குப் பதில் எழுதும் மற்றொரு பாரம் என்று கருதி, பக்கத்து ஊர்ப் பட்டியலைப் பெயர்த்தெழுதி அனுப்புவது ஊருக்குச் செய்யும் தீங்காகும். நிலவரிக் கணக்கில் ஒரு சர்வே எண்ணை விட்டுவிட்டால் எத்தனை தொல்லை விளையும் என்பது கிராம உத்தியோகஸ்தர்கள் அறியாததன்று. விதைக் கணக்கும் அதற்குக் குறைந்ததன்று.

உலர்செடித் தாள்: ஒரு மாதிரி

பதிவு எப்படி இருக்கவேண்டும் என்பதற்குப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையமே நல்ல மாதிரி. 1955-ல் திறக்கப்பட்ட இந்நிலையத்தின் ஹெர்பேரியம் எனப்படும் உலர்செடித் தொகுப்பில் 20,000-க்கு மேற்பட்ட செடிகள் காகிதத்தில் ஒட்டப்பட்டுக் காக்கப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் தாவரங்கள் அவற்றுள் மிகுதி. அதே நிலையம் காத்துவரும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற தொகுப்பைச் சேர்ந்தவை. ஓலையும் ஒரு செடியின் இலையே அல்லவா? இலையில் எழுதிய அறிவும், இலையைப் பற்றி எழுதிய அறிவும் அங்கு ஒரே கூரையின்கீழ் உள்ளன.

உலர்செடித் தாளின் கீழ்மூலையில் சிறு சீட்டு ஒன்று இருக்கும். செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர், மண்ணின் தன்மை முதலியன அதில் காணப்படும். நூறு வருஷங்களில் இலையின் பச்சை மங்கி, பூவின் நிறம் போய்விடலாம். சீட்டில் எழுதிய விவரமோ அப்படியே இருக்கும். சீட்டில்லாத தாளை ஆராய்ச்சியாளர் உபயோகிப்பதில்லை.

கிராமத்தில் செய்யவேண்டியவை

இதனைச் செய்யப் பெரும் பணமோ, தனிக் கட்டடமோ வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்தின் ஓர் அலமாரி போதும். கீழ்க்கண்ட முறைகளை அனுசரிக்கலாம்.

1. பூவோ காயோ உள்ள சிறு கிளையை, பனி உலர்ந்த பின் வெட்டியெடுத்து, இலைகள் மடியாமல் பழைய செய்தித்தாளின் நடுவே பரப்பி, பலகை வைத்து மேலே கல் ஏற்றுக. முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுக. நேர் வெயிலில் வைத்தல் ஆகாது. நன்றாக உலர்ந்ததும் கனத்த காகிதத்தில் நூலால் தைத்து, பூச்சி அணுகாமல் பாதுகாக்கவும்.

2. ஒவ்வொரு தாளிலும் விதைச் சாடியிலும் சீட்டு இருக்கவேண்டும். உள்ளூர்ப் பெயர், பிற தொழிலார் வழங்கும் பெயர், ஊரும் நிலத்தின் வகையும், எடுத்த தேதி, விதைக்கும் பட்டமும் வயதும், உணவு, மருந்து, நார், சாயம், சடங்கு முதலிய பயன்கள், விவரம் சொன்னவர் பெயர், விதை யாரிடம் உள்ளது என்பன அதில் அவசியம் இடம்பெற வேண்டும்.

3. உலர்ந்த செடி முளைக்காது. ஆகையால் விதையையும் காக்கவேண்டும். நெல்விதையை ஈரம் 13 சதவிகிதத்திற்கு மேற்படாதபடி உலர்த்திக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்கவும். நிலக்கடலையைப் பருப்பாக உடைத்து வைத்தால் முளைப்புச் சக்தி விரைவில் கெடும், காயாகவே வைக்கவேண்டும். எந்த விதையானாலும் சாடியில் பல வருஷம் கிடக்கவிடாமல், காலாகாலத்தில் விதைத்துப் புதுப்பிப்பது முக்கியம்.

4. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. பக்கத்து ரகத்திற்கும் அதற்கும் 3 மீட்டர் இடைவெளி விட்டால் விதைக்குப் போதுமானது. பூசணி, சுரை, பீர்க்கு முதலியன வண்டுகளாலும் தேனீக்களாலும் கலந்துபோகும். ஒரு கொல்லையில் ஒவ்வோர் இனத்திலும் ஒரு ரகமே விதைக்கென வளர்த்தல் நலம்.

5. வைத்தியர் குடும்பத்தாரும், முதியவர்களும் சொல்லும் மருந்து முறைகளை அவர்களது சம்மதமின்றி வெளியிடலாகாது. எதனை எழுதலாம், எதனை எழுதவேண்டாம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பிறர் அறிவைக் காப்பதற்கென்று தொடங்கிய காரியம் அதனைப் பறிப்பதாக முடிதல் தகாது.

6. எழுதியதை ஊர்க்கூட்டத்தில் வாசித்துத் திருத்திய பின்னரே பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும். ஒரு பிரதி பள்ளிக்கூடத்திலும், ஒரு பிரதி பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருத்தல் நன்று.

விதையைப் பரப்பும் வழிக்குத் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. 2018-ல் காலஞ்சென்ற நெல் ஜெயராமன் அவர்கள் ஆதிரெங்கம் கிராமத்தில் நடத்திவந்த நெல் திருவிழாவில், விவசாயிக்கு 2 கிலோ நாட்டுநெல் விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திரும்பப் பெறும் ஏற்பாடு இருந்தது. 150-க்கு மேற்பட்ட ரகங்கள் இவ்வாறு வயலிலேயே காக்கப்பட்டன. சாடியில் உள்ள விதை ஒருவருடையது. பல வயல்களில் உள்ள விதை நாட்டினுடையது.

மாசிமகத்தில் ஒரு பந்தல்

மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி நடைபெறுவது அனைவரும் அறிந்ததே. மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், செஞ்சி அரங்கநாதர் முதலாகச் சுற்றுவட்டாரத்து உற்சவ மூர்த்திகள் பல அங்கு எழுந்தருளுகின்றனர். உள்நாட்டுக் குடியானவரும் கடற்கரை மீனவரும் ஒரே மணலில் கூடும் நாள் அது. சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்து, களத்தில் விதை உலரும் பருவமும் அதுவே. இத்தனை ஊரார் தாமாகவே வந்து சேரும் இடத்தில், விவசாய இலாகாவும், கொம்யூன் பஞ்சாயத்துகளும், மீனவர் பஞ்சாயத்தும் சேர்ந்து ஒரு பந்தல் அமைப்பது கடினமன்று. ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஐந்து செடி, ஐந்து விதை, அவற்றிற்குரிய சீட்டு ஆகியன வந்தால் போதும். உள்நாட்டார் சணப்பை கொண்டுவரட்டும். கடற்கரையார் அதன் நாரில் வலை முடைந்து காட்டட்டும். பரிசு கொடுப்பதானால், பெரிய காய்க்குக் கொடுக்கும் பரிசுடன், நன்றாக எழுதப்பட்ட சீட்டுக்கும் ஒரு பரிசு கொடுக்கலாம்.

பட்டா இல்லாத நிலத்திற்கு வழக்கில் வலுவில்லை என்பதை நிலமுடையோர் நன்கறிவர். சீட்டில்லாத விதையின் நிலைமையும் அத்தகையதே. ஊரிலுள்ள முதியோர் இன்னும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கின்றனர். கேட்டு எழுதக் கற்ற பிள்ளைகளும் ஒவ்வொரு பள்ளியிலும் உள்ளனர். இவ்விரு திறத்தாரையும் ஒரு திண்ணையில் உட்காரவைப்பது கிராமத் தலைவர்களின் கடமை. வரும் பட்டத்திற்கு விதை எடுத்து வைக்கும்போதே, ஒவ்வொரு விதைக்கும் ஒரு சீட்டு எழுதத் தொடங்குவார்களாக.